விரதத்தை முறிக்காத கிரீன் டீ

போன மாதம், என்னிடம் நர்ஸ் வேலை பழகிய பெண்கள் இரண்டு பேர் வீட்டுக்கு வந்திருந்தார்கள். இப்போது இருவரும் வார்டு இன்சார்ஜ். ஆஸ்பத்திரியில் நோயாளி வந்து சேர்ந்ததும் கேள்வி கேட்பதற்கு ஆளுக்கொரு டேப்லெட் கொடுத்திருக்கிறார்களாம். "வேறு மருந்து ஏதும் எடுத்துக்கொள்கிறீர்களா?" என்று அதில் ஒரு கேள்வி. ஆம் என்றால் ஒரு தட்டு, இல்லை என்றால் ஒரு தட்டு. உடனே அடுத்த பக்கம் தானாகத் திறந்துகொள்ளுமாம்.

"எல்லாரும் என்னட்டி சொல்லுதாவ?" என்று கேட்டேன்.

"இல்லன்னுதான் சொல்லுதாவ அக்கா. வேல வெரசா முடிஞ்சிருது."

முடியாமல் என்ன செய்யும்? நம்மூரில் யாரைக் கேட்டாலும் மருந்தே தொடுவதில்லை என்றுதான் சொல்வார்கள். சுகர் மாத்திரை மருந்தில்லை; அது சுகர் மாத்திரை. கஷாயம் மருந்தில்லை, அது கஷாயம். பக்கத்து வீட்டு மாமா மலேசியாவிலிருந்து கொண்டுவந்த தைலம், மூட்டு வலிக்கு மகன் ஆன்லைனில் வரவழைத்த பொடி, எதுவுமே மருந்தில்லை. மருந்து என்பது அடுத்தவர் சாப்பிடுவது.

வயிற்றெரிச்சலில் அந்தப் பிள்ளைகளிடம் கோமதி கதையைச் சொன்னேன். எழுதிக் கொடுங்கள், புதிதாக வரும் நர்சுகளுக்கு வாசித்துக் காட்டுகிறோம் என்றார்கள். ஓய்வு பெற்றவளுக்கு வேறு என்ன வேலை, எழுதுகிறேன்.

என் பெயர் இசக்கியம்மாள். கங்கைகொண்டான் பக்கம் சொந்த ஊர். நர்சிங் படித்த காலத்தைப் பற்றி நீட்டி முழக்க ஒன்றுமில்லை. படுக்கை விரிக்கவும் அழாமல் இருக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். முதலாவது மட்டும் வந்தது. அதன்பின் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்து, தலை நரைக்கும் வரை அங்கேயே கிடந்தேன். பெயர் வேண்டாம். இப்போதும் எனக்கு முட்டி வலி வந்தால் அங்கேதான் போக வேண்டும்.

அங்கே பெரிய டாக்டராக இருந்தவர் சங்கரபாண்டியன் சார். குள்ளமான மனிதர், குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மடித்துச் சட்டைப் பையில் வைப்பார். அதைப் பார்த்ததும் வார்டில் நர்சுகள் ஆளுக்கொரு வேலையைத் தேடி ஓடுவோம். நோயாளியிடம் "மருந்து" என்ற சொல்லை அவர் எடுக்கவே மாட்டார். ஸ்டூலைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "காலையில கண்ணு முழிச்சதுல இருந்து வாய்க்குள்ள என்னென்ன போகுது?" என்று கேட்பார். சொல்லி முடித்ததும் பதில் பேசாமல் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருப்பார். அந்த மௌனம் இருக்கிறதே, அதை யாராலும் தாங்க முடியாது. "அப்புறம், ஒரு லேகியம் உண்டு டாக்டர்..." என்று பைய வெளியே வரும்.

அதற்குப் பிறகு தட்டு. பெரிய எவர்சில்வர் தட்டு ஒன்றை நான் கொண்டுபோய் வைக்க வேண்டும். வீட்டிலிருந்து வந்த பையை அதில் கொட்ட வேண்டும். சீப்பு, திருநீற்றுப் பொட்டலம், பஸ் டிக்கெட், முறுக்கு இவற்றுக்கு நடுவில் நாலு வகை மாத்திரை உருண்டு வரும். "இது என்னது?" என்றால், "அது கெடக்கு சார், சும்மா" என்பார்கள். மூன்றாவதுதான் முக்கியம். எதைச் சாப்பிடுவதாகச் சொன்னாலும், "எப்படின்னு செஞ்சு காட்டுங்க" என்பார்.

அதற்கு ஒரு காரணம் உண்டு. ஆழ்வார்குறிச்சியிலிருந்து ஒரு விவசாயி மூச்சிரைப்போடு திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். உறிஞ்சுகிற மருந்து கொடுத்திருந்தோம். கேப்ஸ்யூல் என்கிற மாத்திரைக் கூட்டைச் சின்னக் கருவியில் போட்டுத் திருகி, வாயில் வைத்து இழுக்க வேண்டும். ஒழுங்காகப் பயன்படுத்துகிறேன் என்று நெல்லையப்பர் மேல் சத்தியம் செய்தார். செய்து காட்டச் சொன்னதும் கூட்டை எடுத்து வாயில் போட்டு, ஒரு டம்ளர் மோரை ஊற்றி விழுங்கினார்.

"அப்ப அந்தக் கருவி என்னத்துக்குவே?" என்றார் சார்.

"அத பேரன் விசில் ஊதுதான் சார்."

சிரிக்காமல் இருக்க நான் ஊசித் தட்டை எடுத்துக்கொண்டு வெளியே ஓட வேண்டியதாயிற்று. சார் சிரிக்கவில்லை. மறுபடி முதலிலிருந்து சொல்லிக் கொடுத்து, அவர் இரண்டு தடவை சரியாக இழுத்துக் காட்டிய பிறகே எழுந்தார்.

இப்படி இருக்கையில் எங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிரீன் டீ வந்தது. நோயாளி வருவதுபோல் ஓரமாக வரவில்லை, மந்திரி வருவதுபோல் வந்தது. வாசலில் பேனர் வைத்தார்கள். முழு உடல் பரிசோதனைக்கு வருபவர்களுக்கு ஒரு பெட்டி இலவசம். சாயாக்காரரை நிறுத்திவிட்டு ஒரு மெஷினை வைத்தார்கள். டயட்டீஷியன் அம்மா எங்களை உட்கார வைத்து, அது கொழுப்பைக் கரைக்கும், புற்றுநோயைத் தடுக்கும், மூளையைக் கூர்மையாக்கும், முகத்தைப் பளபளப்பாக்கும் என்று படம் போட்டுக் காட்டினார். வார்டு ஆயா, "எம்மா, பாத்திரம் வெளக்குமா?" என்று கேட்டாள். அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிப்போனது.

ஒரே மாதத்தில் டாக்டர்கள் எல்லோர் மேஜையிலும் நூல் தொங்கும் கோப்பை. நோயாளியைப் பார்க்க வருகிறவர்கள் ஆப்பிளை விட்டுவிட்டு அந்தப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நானும் குடித்துப் பார்த்தேன். வைக்கோல் ஊறின தண்ணீர் மாதிரி இருந்தது. எல்லோரும் ஆகா என்றதால் நானும் ஆகா என்றேன்.

சங்கரபாண்டியன் சார் மட்டும் எதிர்க்கடையிலிருந்து ஸ்ட்ராங்காகப் பால் டீ வரவழைத்தார். டயட்டீஷியன் அம்மா ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டார், கிரீன் டீ மேல் உங்களுக்கு என்ன சார் கோபம் என்று. "கோபம் ஒண்ணும் இல்லம்மா. அதுவும் தேயிலை, இதுவும் தேயிலை. பிடிச்சவங்க ரெண்டு மூணு கப் குடிச்சா ஒண்ணும் ஆகாது. சீனி போடாம குடிச்சா நல்லதுதான். ஆனா குடிச்சவன் சாக மாட்டான்னு பேனர் வச்சா, குடிக்கவேண்டிய அளவு அவனுக்கு மறந்துபோகும்" என்றார்.

அவர் சொன்னது சரிதான் என்று சீக்கிரமே தெரிந்தது. பிள்ளைத்தாச்சிப் பெண் ஒருத்திக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக் கொடுத்து எங்களுக்கு அலுத்துப்போனது, ரத்தம் ஏறுவேனா என்றது. மாத்திரையை எதில் விழுங்குகிறாய் என்று செய்து காட்டச் சொன்னால், பிளாஸ்கைத் திறந்து கிரீன் டீயை ஊற்றுகிறாள். "வெறுந்தண்ணியில என்ன சத்து இருக்கு டாக்டர்?" என்கிறாள். தேயிலை இரும்பை உடம்பில் சேரவிடாது, மாத்திரைக்கும் டீக்கும் நடுவில் நல்ல இடைவெளி வேண்டும், வயிற்றில் பிள்ளை இருக்கும்போது டீயே குறைவாக வேண்டும் என்று சொல்லி அனுப்பினோம். இருதய வால்வு ஆபரேஷன் செய்து, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிட்டு வந்த ரயில்வேக்காரர் ஒருவர் நாளெல்லாம் கிரீன் டீயாகக் குடித்து, ரத்தப் பரிசோதனை ரிசல்ட் தாறுமாறாகி வந்து நின்றார். இதெல்லாம் சில்லறைச் சமாச்சாரம். எடுத்துச் சொன்னால் சரியாகிவிடும்.

கோமதி அப்படி இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்தைய ஐப்பசி அது. சஷ்டி விரதம் முடிந்து இரண்டு வாரத்தில் அவளைக் கொண்டுவந்தார்கள். டவுணில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். முப்பத்தைந்து வயதுக்குள்தான் இருக்கும். இரண்டு பெண் பிள்ளைகள். கண் இரண்டும் மஞ்சளில் முக்கி எடுத்தது போல் இருந்தது. உடம்பெல்லாம் அரிப்பு, சோற்றைப் பார்த்தாலே குமட்டல். கூட வந்தவர்கள் புருஷன் ஆறுமுகம், அண்ணன், அண்ணன் மனைவி சிவகாமி. சிவகாமி மதினி என்று கோமதி உயிரை விடுவாள். நல்ல கம்பீரமான பொம்பளை, கழுத்தில் ஒரு பச்சை பேட்ஜ். அது என்ன என்று அப்போது நான் கவனிக்கவில்லை.

மருந்து ஏதும் சாப்பிடுகிறாளா என்று டூட்டி டாக்டர் கேட்டார். ஆறுமுகத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. "எங்க வீட்டுல தலைவலி மாத்திரகூடக் கெடையாது சார். அவ குடிக்கதெல்லாம் கிரீன் டீ தண்ணிதான்" என்றார். டூட்டி டாக்டர் தன் கோப்பையை ஓரமாக வைத்துவிட்டு, "வெரி குட்" என்றார். டயட்டீஷியன் அம்மா, அதைத் தொடர்ந்து கொடுக்கலாம் என்றே சொல்லிவிட்டார். சங்கரபாண்டியன் சாருக்கு அந்த வாரம் மதுரையில் ஏதோ கூட்டம். தட்டு அலமாரியில் இருந்தது.

காமாலைக் கிருமிக்கான பரிசோதனை எல்லாம் செய்தார்கள். ஒன்றும் இல்லை. வயிற்றை ஸ்கேன் எடுத்தார்கள், கல் இல்லை, கட்டி இல்லை. ஆனால் ஒவ்வொரு நாளும் ரத்தம் எடுத்தால் முந்தின நாளைவிட மோசம். கல்லீரல் கெட்டால் ரத்தம் உறைவது தாமதமாகும். ஊசி குத்தின இடத்தில் நான் பஞ்சை அழுத்திக்கொண்டே நின்றேன், நிற்பேனா என்றது ரத்தம்.

அடுத்து, கல்லீரல் வெளியேற்றாத கழிவு மூளைக்கு ஏறும். அதைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம், நர்ஸ் போதும். டவுண் பஸ்ஸை நிறுத்துவது போல் இரண்டு கையையும் முன்னால் நீட்டி, மணிக்கட்டை மடக்கச் சொல்ல வேண்டும். கை பறவைச் சிறகு மாதிரி அடித்துக்கொண்டால் ஆபத்து. பெயர், கிழமை கேட்க வேண்டும். இவள் கணக்கு டீச்சர் ஆயிற்றே என்று நான் பதினேழாம் வாய்ப்பாடும் கேட்பேன். "சிஸ்டர், நான் பிள்ளைகள கேக்குற கேள்விய என்னையே கேக்கிய" என்று சிரித்துக்கொண்டே ஒப்பிப்பாள். ஒரு சாயங்காலம் பதினேழு ஆறு நூற்றிரண்டு வரை வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பதினேழு ஏழு அவளுக்கு வரவில்லை. உதட்டை அசைத்துப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோனாள். நான் பயந்தது அவளுக்குத் தெரிந்துவிட்டது.

மறுநாள் காலை சங்கரபாண்டியன் சார் வந்தார். ரிசல்ட்டைப் பார்த்தார், வெளியே போய்ச் சென்னைக்குப் போன் போட்டார். கல்லீரல் மாற்ற வேண்டி வரலாம், ஆம்புலன்ஸ் வண்டியைத் தயாராக வைக்கச் சொன்னார். உறவில் யாராவது கல்லீரலில் பாதி கொடுக்க முடியுமா என்று கேட்டதும், "ஏன் சார் கேக்கிய, நான் இருக்கேம்லா. எங்கூடப் பெறந்தவ" என்று அண்ணன் சட்டைக் கையை மடித்துக்கொண்டு முன்னால் வந்தார், அங்கேயே அறுத்துக் கொடுப்பது போல. சிவகாமி அவர் மடித்த சட்டைக் கையைப் பிடித்தாள். இவள் போனால் இரண்டு பிள்ளைகள், அவர் ஆபரேஷனுக்குப் படுத்தால் இன்னொரு குடும்பம். இரண்டையும் அவள் கண்ணெதிரே பார்த்தாள்.

சார் என்னிடம் வந்தார். "சிஸ்டர், தட்டு வச்சியளா?"

"நீங்க இல்லாததால விட்டுட்டாவ சார்."

கண்ணாடியைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார். "வாய்க்குள்ள என்ன போகுதுன்னு இனிமேக் கேக்க வேண்டாம். செஞ்சு காட்டச் சொல்லுவோம். வாங்க" என்றார்.

பையைத் தட்டில் கொட்டினோம். கந்த சஷ்டிப் படம், துண்டு, பிள்ளைகளின் போட்டோ, ஒரு பிளாஸ்க், ஒரு சின்ன எவர்சில்வர் டப்பா. மாத்திரை ஒன்றுகூட இல்லை. "அந்த கிரீன் டீய வீட்டுல போடுத மாதிரியே போடுங்க" என்றார் சார். ஆறுமுகம் டம்ளரில் வெந்நீர் ஊற்றினார், டப்பாவைத் திறந்தார், ஒரு ஸ்பூன் எடுத்துக் கலக்கினார். இலையும் இல்லை, பையும் இல்லை, நூலும் இல்லை. முகப்பவுடர் போல நைசான பொடி, காக்கியும் பச்சையுமான நிறம்.

"தேயிலை எங்க?" என்றேன்.

"இதுதான் சிஸ்டர்."

"இவ்வளவு நைசா எந்தக் கடையில அரைச்சுக் குடுத்தாவ?"

"கடையில வாங்கல. மாத்திரைக் கூட்டைப் பிரிச்சுக் கொட்டி வச்சிருக்கோம். மதினி ஒரு கம்பெனிக்காக விக்குத கிரீன் டீ மாத்திரை." சொல்லும்போதே அவருக்குக் குரல் இறங்கிவிட்டது.

சார் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். "ஏம்மா கூட்டைப் பிரிச்சிய?" என்று கோமதியிடம் கேட்டார்.

"கூடு ஏதோ மிருகத்து எலும்புல செய்யுததாம் டாக்டர். நாங்க சைவம்லா. அதுவும் சஷ்டி நேரத்துல அத எப்படி வாயில வைக்க? உள்ள இருக்கது வெறும் இலைதானேன்னு மதினி சொன்னாவ. அதான் பிரிச்சுத் தண்ணியில கலக்கிக் குடிச்சேன்."

"விரதத்துக்கு வேற என்ன சாப்பிட்டிய?"

"ஒண்ணுமில்ல. பால் பழங்கூட எடுக்கல. இது இருக்குல்லா, பசிக்கல." கொஞ்சம் பெருமைகூட இருந்தது அந்தக் குரலில். "விரதம் முடிஞ்சப்ப எடை கொறஞ்சிருந்துது. அதனால காலையில வெறும் வயித்துல விடாமக் குடிச்சேன்."

சார் பையிலிருந்து கண்ணாடியை எடுத்துத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

"கண்ணு மஞ்சளிச்சப்ப, கழிவு வெளிய போகுதுன்னு மதினி சொன்னாவ," என்றாள் கோமதி. "காமாலைக்குப் பச்சிலைதான குடுப்பாவ. இதுவும் பச்சிலைதான? அதனால ரெண்டு பங்காக் கலக்கிக் குடிச்சேன்."

நானும் சஷ்டி இருக்கிறவள்தான். அந்த நியாயத்தில் எனக்கு ஒரு ஓட்டையும் தெரியவில்லை. கூடு அசைவம், அதனால் விலக்கு. இலை சைவம், அதனால் தடையில்லை. டீ சாப்பாடு இல்லை, அதனால் விரதம் முறியாது. பச்சிலை காமாலைக்கு நல்லது, அதனால் அதிகமாகக் குடி. முருகன் ஒப்புக்கொள்வார். கல்லீரல்தான் ஒப்புக்கொள்ளாது.

"இங்க வந்த பொறவும் குடுத்தியளா?" என்று ஆறுமுகத்திடம் கேட்டேன்.

"டயட்டீஷியன் அம்மா குடுக்கலாம்னு சொன்னாவ சிஸ்டர். காலையும் சாயங்காலமும் நான்தான் கலக்கிக் குடுத்தேன்." மனுஷன் டம்ளரைக் கீழே வைக்கவும் தெரியாமல் கையில் பிடித்துக்கொண்டே அழுதார்.

சார் யாரையும் திட்டவில்லை. எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னார். "கொழம்புக்கு நாலு மிளகாய் போடுதோம், நல்லாத்தான இருக்கு? ஒரு மூட்டை மிளகாயைக் காய்ச்சி, சாறை ஒரு ஸ்பூன்ல எறக்கி, வெறும் வயித்துல ஊத்துனா என்ன ஆகும்? இலையை வெந்நீர்ல போட்டுக் குடிக்கது வேற. இது அதைச் சாறெடுத்து இறுகக் காய்ச்சுனது. பட்டினியா இருக்கும்போது அது ரத்தத்துல இன்னும் கூடுதலா ஏறும். எல்லாருக்கும் இப்படி ஆகாது. யாருக்கு ஆகும்னு முன்னாடி சொல்லவும் முடியாது. ஆனவங்க மறுபடி அதைத் தொடவே கூடாது."

"இலை எப்படி சார் கெடுக்கும்?" என்றாள் சிவகாமி. சண்டைக்கு வந்த குரல் இல்லை. நிஜமாகவே அவளுக்குப் புரியவில்லை.

"அரளியும் இலைதாம்மா" என்றார் சார்.

பொடியை நிறுத்தினோம். சென்னைக் கல்லீரல் டாக்டர்களிடம் சார் விவரம் சொன்னார். காரணம் தெரிந்துவிட்டது, அறிவு இதற்கு மேல் மங்காதவரை பார்க்கலாம், இன்னும் கொஞ்சம் பிசகினாலும் உடனே வண்டியில் ஏற்றிவிடுங்கள் என்றார்களாம். வண்டி வாசலில் நின்றது. டிரைவர் பேனருக்குக் கீழே உட்கார்ந்து பீடி குடித்தார். நான் பகல் டூட்டி முடிந்தும் வீட்டுக்குப் போகவில்லை. கையை நீட்டு, கிழமை சொல்லு, வாய்ப்பாடு சொல்லு. பதினேழு ஏழு வரும்போதெல்லாம் நான் அவள் உதட்டையே பார்ப்பேன். அவள் தடவித் தடவி வந்து சேர்வாள்.

ரத்தத்தில் காமாலை அளவு முதலில் ஏறாமல் நின்றது. பிறகு, மனசில்லாமல் இறங்குவது போல இறங்கியது. ஒரு காலையில் நான் கட்டிலருகே போகும் முன்பே, "நூத்திப் பத்தொம்பது" என்றாள்.

"என்ன?"

"பதினேழு ஏழு. நீங்க கேக்கதுக்கு முன்னால சொல்லிட்டேன் சிஸ்டர். வேணும்னா பத்தொம்பதாம் வாய்ப்பாடு கேளுங்க."

எனக்குப் பத்தொன்பதாம் வாய்ப்பாடு தெரியாது. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நன்றாக அழுதுவிட்டு வந்தேன். வண்டி சென்னைக்குப் போகவில்லை. அண்ணன் சட்டைக் கையை இறக்கிவிட்டுக்கொண்டார். மஞ்சள் முழுவதும் கண்ணை விட்டுப் போகச் சில மாதங்கள் பிடித்தன.

இதோடு கதை முடிந்தது என்று நினைத்தால் நீங்கள் சிவகாமியை அறியவில்லை.

கோமதி தேறி வீட்டுக்குப் போன பிறகு ஒருநாள் அவளிடமிருந்து எனக்குப் போன் வந்தது. "அக்கா, மதினி என் போட்டோவ அவங்க வாட்ஸ்அப் குரூப்புல போட்டிருக்காவ. காமாலையில இருந்து மீண்டு வந்த சாதனைப் பெண்மணின்னு. அந்தப் பொடியக் குடிச்சதாலதான் இந்த அளவோட தப்பிச்சேனாம். ஞாயித்துக்கெழம டவுண்ல கூட்டமாம், மேடையில வந்து ரெண்டு வார்த்த பேசணுமாம்."

"முடியாதுன்னு சொல்லுட்டி கோட்டிக்காரி!"

"எப்படிச் சொல்ல? எனக்காக அண்ணன் ஈரலை அறுத்துத் தாரேன்னு நின்னுச்சுல்லா. நீங்க கூட வாங்க."

போனேன். கல்யாண மண்டபம் நிறைய அந்தக் கம்பெனி மாத்திரையை விற்கிற பெண்கள், எல்லோருக்கும் சிவகாமி போட்டிருந்த அதே பச்சை பேட்ஜ், பச்சைப் புடவை. வாசலில் பன்னீருக்குப் பதில் கிரீன் டீ. மேடையில் சிவகாமி மைக்கைப் பிடித்து, "எங்க வீட்டுப் பிள்ளை, எமனையே திருப்பி அனுப்பினவ!" என்று கோமதியை அழைத்தாள். கைதட்டல்.

கோமதி மைக்கை வாங்கினாள். வகுப்பில் பேசுவது போலவே பேசினாள். கூட்டைப் பிரித்தது, பட்டினியோடு குடித்தது, கண் மஞ்சளித்ததும் இரட்டிப்பாக்கியது, பதினேழு ஏழு மறந்துபோனது, எல்லாம் வரிசையாக. "மதினி என்ன ஏமாத்தல. அவுகளும் நம்புனாவ. நானும் நம்புனேன். ரெண்டு பேரும் சேர்ந்து நம்புனதுல நான் சாகக் கெடந்தேன்" என்று சொல்லி, மைக்கை மதினி கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

முதல் வரிசையில் ஒரு அம்மா எழுந்தாள். மனம் திரும்பிவிட்டாள் என்று நினைத்தேன். "ஆனா இப்ப சைவக் கூடு வந்துட்டுல்லா? அப்பப் பிரிக்க வேண்டாமே?" என்றாள்.

எனக்கு வந்த கோபத்தில், சங்கரபாண்டியன் சாரிடம் இத்தனை வருஷம் கற்றுக்கொண்ட பொறுமையெல்லாம் பறந்துபோனது. "ஏம்மா, கூடு சைவமான்னு கேக்கிய, ஈரல் என்ன ஆகும்னு ஒருத்தியாவது கேட்டியளா?" என்று நின்ற இடத்திலிருந்தே கத்தினேன். யாரோ, "அவுக நர்சம்மா" என்றார்கள். அதன்பின் ஒருத்தி தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, கீழ் இமையை விரலால் இழுத்துப் பிடித்து, "என் கண்ணப் பாருங்க சிஸ்டர், மஞ்சளா இருக்கா?" என்றாள். அவளை ஜன்னல் வெளிச்சத்துக்கு அழைத்துப் போனேன். திரும்பிப் பார்த்தால் வரிசை நிற்கிறது. பச்சைப் புடவையில், மல்லிகைப்பூ வைத்து, கண்ணை இழுத்துப் பிடித்தபடி. கண் வெள்ளையாக இருந்தாலும் ரத்தம் எடுத்துப் பாருங்கள் என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னேன்.

வரிசையைத் தள்ளிக்கொண்டு சிவகாமி வந்தாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டேன். அவள் முகத்தில் அந்தக் கம்பீரம் இல்லை.

"சிஸ்டர், எம் மக கோயம்புத்தூர்ல ஹாஸ்டல்ல இருக்கா. நான்தான் மாசாமாசம் டப்பா அனுப்புதேன். காலையில சாப்பாட்டுக்குப் பதிலா அதத்தான் குடிக்கேன்னு சொன்னா. நல்லதுட்டின்னு சொன்னேன் சிஸ்டர். நானே சொன்னேன்."

"போன் போடுங்க. முகத்தப் பாத்துப் பேசுத மாதிரி போடுங்க."

ஒரு கையால் போனைத் தட்டத் தெரியாமல் தட்டினாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. சுற்றி நின்ற பெண்கள் திரையை எட்டி எட்டிப் பார்த்தார்கள். கடைசியில் அந்தப் பெண் தூக்கக் கலக்கத்தோடு திரையில் வந்தாள். ஜன்னல் பக்கம் போய்க் கண்ணைக் காட்டு என்றேன். திரையை என் மூக்கருகே வைத்துப் பார்த்தேன். வெள்ளையாகத்தான் இருந்தது. நாளைக்கே ரத்தம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன்.

சிவகாமி போனைப் பிடுங்கினாள். "ஏட்டி, அந்த டப்பாவத் தூக்கிக் குப்பையில போடு! இப்பவே போடு, நான் பாக்கணும்! இனிம அத வாயில வச்சன்னா கொன்னே போட்டுருவேன் பாத்துக்கோ! எங்கண்ணு, எந்தாயி, மொதல்ல போயி ரெண்டு இட்லி தின்னுட்டி!" என்று கதறினாள்.

மண்டபத்தின் நாலு மூலையிலும் இருந்த ஒலிபெருக்கிகளில் அது ஒரு வார்த்தை விடாமல் கேட்டது. மைக் இன்னும் அவள் கையில்தான் இருக்கிறது என்று யாரும் அவளிடம் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.